ஓடும் பட்டையும் ஒரு மில்லிமீட்டரும்: ட்ரெட்மில் சோதனையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

'டிஎம்டி' என்பது இன்று ஏறத்தாழத் தமிழ்ச் சொல். "டிஎம்டி எடுத்துப் பாத்தாச்சு, ஒண்ணுமில்லேன்னுட்டாங்க" என்று பஸ்ஸிலும் டீக்கடையிலும் பேசிக்கொள்கிறார்கள். மார்பிலும் உடம்பிலும் பத்து மின்முனைகளை ஒட்டி, ஓடுகிற பட்டை ஒன்றின்மேல் ஆளை நடக்கவிடுவது. மூன்று நிமிடத்துக்கொருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டுவது. கூடவே இதயத்தின் மின்வரைபடத்தை, அதாவது இசிஜியை, ஓடவிட்டுப் பார்ப்பது. அந்த வரைபடத்தில் எஸ்.டி. என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு சிறு துண்டு, அடிக்கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கி, படுத்தவாக்கிலோ கீழ்நோக்கிச் சரிந்தோ நின்றால் 'பாசிட்டிவ்'. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகளில் அடைப்பு இருக்கலாம் என்று பொருள். இறங்கவில்லையென்றால் 'நெகட்டிவ்'. ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

ஒரு மில்லிமீட்டர். மின் அளவில் சொன்னால் ஒரு மில்லிவோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. மனிதர்களை நோயாளி என்றும் நோயாளியில்லை என்றும் பிரித்து வைக்கிற அதிகாரம் இந்தத் துளி அளவுக்கு எங்கிருந்து வந்தது? இயற்கையிலிருந்து என்பது வழக்கமான பதில். உடம்பு பொய் சொல்லாது, கருவி பட்சபாதம் பார்க்காது, மனுசன்தான் மிகைப்படுத்துவான் அல்லது மறைப்பான் என்பது இந்தப் பதிலுக்குப் பின்னாலுள்ள நம்பிக்கை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். அந்த மில்லிமீட்டரின் பொருள் அந்தத் தாளில் இல்லை. பட்டையின்மேல் நிற்பது யார், அவர் தன் வலியைப் பற்றி முன்னதாக என்ன சொன்னார் என்பவற்றிலிருந்தே அதற்குப் பொருள் வருகிறது. இப்படிச் சொல்வது அறிவியலுக்கு எதிரான பேச்சாகப் படலாம். ஆனால் 1970களின் இறுதியில் மருத்துவப் புள்ளியியலே கணக்குப் போட்டு வந்து சேர்ந்த இடம் இது. அந்த இடத்துக்கு வர ஏன் இருநூறு வருசம் ஆயிற்று என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய வரலாறு.

2

1768இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் அங்கிருந்த மருத்துவர் கல்லூரியில் ஒரு குறிப்பை வாசித்தார். 1772இல் அது அச்சேறியது. 'ஆஞ்சைனா பெக்டோரிஸ்' என்று அவர் பெயரிட்ட நெஞ்சு நோயின் முதல் தெளிவான சித்திரம் அது. நடக்கும்போது வருகிறது. மேட்டில் ஏறும்போதும் சாப்பிட்ட கையோடு நடக்கும்போதும் அதிகமாக வருகிறது. நின்றால் போய்விடுகிறது. நோயின் முக்கால் பங்கு இலக்கணம் இதிலேயே அடங்கிவிட்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று ஸ்டெதாஸ்கோப் கிடையாது. அது வர இன்னும் ஐம்பது வருசம் ஆகும். கரோனரி தமனிக்கும் இந்த வலிக்குமுள்ள உறவு ஹெபர்டனுக்குத் தெரியாது. அவரிடமிருந்தது ஒரேயொரு கருவி, காது. நோயாளி பேசினார், மருத்துவர் கேட்டார். எங்கே நடந்தீர்கள், எப்போது வந்தது, நின்றதும் என்ன ஆச்சு என்கிற கேள்விகளிலிருந்தே ஒரு நோய் அறிவுலகுக்குள் நுழைந்தது. உழைப்புக்கும் வலிக்குமுள்ள உறவை அவர் எவ்வளவு நெருக்கமாகக் கவனித்தார் என்பதற்கு இன்னொரு தகவலும் உண்டு. தினமும் அரைமணி நேரம் மரம் அறுப்பதை வேலையாக வைத்துக்கொண்ட ஒருவர் ஏறத்தாழக் குணமடைந்துவிட்டார் என்று பதிவு செய்கிறார். இதய நோயாளிகளுக்கு இன்று பரிந்துரைக்கப்படும் உடற்பயிற்சிச் சிகிச்சையின் முதல் குறிப்பு இதுதான் என்பார்கள்.

ஆனால் கேட்கப்பட்டது யாருடைய குரல்? அவருடைய மறைவுக்குப் பின் 1802இல் வெளியான தொகுப்பில் கணக்கு இருக்கிறது. ஏறத்தாழ நூறு பேரைப் பார்த்திருக்கிறார். அதில் பெண்கள் மூன்று பேர். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன். மற்ற எல்லோரும் ஐம்பதை நெருங்கிய அல்லது தாண்டிய ஆண்கள். லண்டனில் பேர்பெற்ற மருத்துவரிடம் வரக்கூடிய ஆண்கள் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். மூட்டை சுமக்கிறவருக்கு நெஞ்சை அடைத்தபோது அவர் எங்கே போனார், துணி துவைக்கிற பெண் அதை யாரிடம் சொன்னாள் என்பதற்கெல்லாம் அந்தத் தொகுப்பில் இடமில்லை. 'வழக்கமான' நெஞ்சுவலி என்று மருத்துவம் பின்னாளில் சொல்லிவந்தது இந்தக் கனவான்களின் வலியைத்தான். இந்தப் புள்ளியை மனசில் வைத்துக்கொள்வோம். திரும்ப வருவோம்.

3

நடந்தால் ஏன் வலிக்கிறது? இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இதயம் தளருகிற நேரத்தில்தான் பாய்கிறது. துடிப்பு வேகமாகும்போது தளரும் நேரம் சுருங்கிப்போகிறது. தேவை கூடுகிறது, பாய்வதற்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. நல்ல தமனி விரிந்து ஈடுகட்டிவிடும். குறுகிப்போன தமனியால் முடியாது. தசையின் உள்ளடுக்குதான் முதலில் பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கிற தசையின் மின் நடத்தை மாறும். எஸ்.டி. கோடு இறங்குவது இதனால்தான். உட்கார்ந்திருக்கும்போது தேவை குறைவு, பட்டினியும் இல்லை, கோடும் இறங்காது. ஆக, இது உழைப்பில் மட்டுமே முகம் காட்டுகிற நோய்.

ஆனால் கோடு வரைகிற கருவி உழைப்பை அனுமதிக்கவில்லை. 1887இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் மனித இதயத்தின் மின்னலையை உடலுக்கு வெளியிலிருந்தே பதிவு செய்தார். தன்னுடைய நாய் ஜிம்மியை உப்புநீரில் நிறுத்தி அவர் காட்டிய செய்முறைகள் பேர்போனவை. அதில் கொடுமை இருக்கிறதா என்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. அடுத்து நெதர்லாந்தின் லெய்டனில் வில்லெம் ஐந்தோவன் இழைக் கால்வனாமீட்டரை உருவாக்கினார். 1924இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். அவருடைய இயந்திரம் சுமார் 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி கைகளையும் காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் விட்டுக்கொண்டு அசையாமல் உட்கார வேண்டும். அசைந்தால் கோடு கெட்டுப்போகும். நடக்கும்போது வருகிற நோயை, நடக்கவிடாத கருவியை வைத்துத் தேடினார்கள். நெஞ்சுவலிக்காரர்கள் பலருடைய இசிஜி ஓய்வில் ஒழுங்காகவே இருந்ததில் ஆச்சரியமில்லை.

1918இல் பவுஸ்ஃபீல்டு என்பவர், தற்செயலாக வலி வந்த நேரத்தில் எடுத்த இசிஜியில் கோடு மாறியிருந்ததைப் பதிவு செய்தார். தற்செயலுக்குக் காத்திருப்பானேன், வலியை வரவழைத்தால் என்ன? 1928இல் ஃபீலும் சீகலும் அப்படிச் செய்தார்கள். நோயாளிகளை உடற்பயிற்சி செய்யவைத்து, வலி வந்ததும் பதிவு செய்தார்கள். 1931இல் உட், வோல்ஃபெர்த் ஆகியோர் பயன் உண்டு, ஆனால் ஆபத்து என்று தயங்கினார்கள். 1932இல் வியன்னாவில் கோல்டுஹாமரும் ஷெர்ஃபும் மிதமான உழைப்புக்குப் பிறகு எடுக்கும் இசிஜியை நோய் அறியும் முறையாகவே முன்வைத்தார்கள்.

இங்கே ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்துவிட்டது. நோயாளியின் வாழ்க்கையில், அவருடைய தெருவில், அவருடைய மேட்டில் வந்த வலியை இனிமேல் மருத்துவமனைக்குள், மருத்துவர் குறிக்கிற நேரத்தில், மருத்துவர் வகுக்கிற அளவில் உற்பத்தி செய்யலாம். வலியைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போய் வலியின் உற்பத்தி முன்னுக்கு வருகிறது.

அளவு என்றால் எவ்வளவு? இதற்கு நியூயார்க்கின் ஆர்தர் மாஸ்டர் ஓர் ஏற்பாடு செய்தார். ஒவ்வொன்றும் ஒன்பது அங்குல உயரமுள்ள இரண்டு படிகள். ஏறி இறங்க வேண்டும். எத்தனை தடவை என்பதற்கு வயது, எடை, ஆண் பெண் என்று பிரித்து அட்டவணை. 1929இல் ஆப்பன்ஹைமருடன் சேர்ந்து வெளியிட்டபோது நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும்தான் அவர் அளந்தார். இசிஜி பின்னால், 1941இல் ஜாஃபேயுடன் சேர்ந்து செய்த வேலையில் வந்தது. அப்போதும் ஏறி இறங்கி முடித்த பிறகு படுக்கவைத்துத்தான் கோடு எடுத்தார்கள்.

அந்த அட்டவணையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரே வயசு, ஒரே எடை என்றால் தபால்காரருக்கும் பாங்க் மேனேஜருக்கும் ஒரே எண்ணிக்கை. தினமும் ஆறு மாடி ஏறி இறங்குகிற உடம்பும் நாற்காலியில் கரைகிற உடம்பும் அட்டவணைக்குள் ஒன்றாகிவிடுகின்றன. உடலின் வரலாறு கழற்றி வைக்கப்படுகிறது, எடை மட்டும் மிஞ்சுகிறது. இப்படிக் கழற்றி வைக்கப்பட்ட உடல் யாருக்கு ரொம்ப வசதி? 1960களில் மெட்ரோபாலிட்டன் லைஃப் காப்பீட்டு நிறுவனத்தில் பாலிசி கேட்டு வந்த ஆண்களைத் தொடர்ந்து கவனித்து, மாஸ்டர் சோதனையில் கோடு இறங்கியவர்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்று ராபும் மார்க்ஸும் கணக்கிட்டார்கள். (இவர் வேறு மார்க்ஸ். நம்ம மார்க்ஸ் அடுத்த பகுதியில் வருகிறார்.) கோடு எவ்வளவு ஆழமாக இறங்குகிறதோ அவ்வளவு சாவு என்றது கணக்கு. அறிவாகவும் அது பயன்பட்டது, வியாபாரமாகவும் பயன்பட்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதபடி ஒட்டிக்கிடந்தது.

4

படி போய் ஓடும் பட்டை வந்த கதை இன்னும் பழசு. 'ட்ரெட்மில்' என்ற சொல் மருத்துவமனையில் பிறக்கவில்லை, சிறையில் பிறந்தது. 1818 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் க்யூபிட் என்ற பொறியாளர் கைதிகளுக்காக ஒரு படிச் சக்கரத்தை வடிவமைத்தார். சக்கரத்தின் விளிம்பில் படிகள். கைதி ஏறிக்கொண்டேயிருப்பார், சக்கரம் கீழே சுற்றிக்கொண்டேயிருக்கும், அவர் எங்கேயும் போய்ச் சேரமாட்டார். 1821இல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் இது நிறுவப்பட்டது. பிறகு சாம்ராஜ்யம் முழுக்கப் பரவியது. ஜமைக்காவில் 1834இல் அடிமைமுறை பேருக்கு ஒழிந்து, 'பயிற்சித் தொழிலாளர்' என்கிற பேரில் அது தொடர்ந்த நான்கு வருசங்களில், கறுப்பின ஆண்களையும் பெண்களையும் தண்டிக்கும் கருவியாக இருந்தது இந்தச் சக்கரம். ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற இளைஞர் சொல்லி 1837இல் வெளியான வாக்குமூலம் அந்தச் சக்கரத்தின் கொடுமையை உலகுக்குச் சொன்னது. செக்கிழுத்த வ.உ.சி.யின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிறைச் சக்கரத்தின் விசேசம் கொடுமை மட்டுமல்ல. கசையடியை அளக்க முடியாது, இதை அளக்க முடியும். ஒரு நாளைக்கு எத்தனை அடி உயரம் ஏறினார் என்று ஒவ்வொரு கைதிக்கும் கணக்கு வைக்கலாம். எல்லோருக்கும் ஒரே உயரம், ஒரே வேகம். தண்டனையைச் சமப்படுத்த வந்த கருவி உழைப்பையும் சமப்படுத்தி அளக்கும் கருவியாகிவிட்டது. அளக்கக்கூடிய உழைப்பு கிடைத்தால் உடலியல்காரர் சும்மா இருப்பாரா? 1850களிலும் 1860களின் தொடக்கத்திலும் டாக்டர் எட்வர்டு ஸ்மித், லண்டன் கோல்டுபாத் ஃபீல்ட்ஸ் சிறையின் சக்கரத்தில் ஏறியவர்களின் மூச்சையும் சிறுநீரையும் அளந்தார். தானும் அதில் ஏறிப் பார்த்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உழைக்கும் உடல் எவ்வளவு மூச்சு வாங்குகிறது, எவ்வளவு எரிக்கிறது என்கிற உடற்பயிற்சி உடலியலின் தொடக்க எண்கள் பல இப்படிக் கிடைத்தவை. இதே ஸ்மித்தான் பின்னர் ஆங்கிலேயத் தொழிலாளர்களின் உணவு எவ்வளவு மோசம் என்று அரசுக்கு ஆய்வு செய்து கொடுத்தார். அந்த அறிக்கையை மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் விரிவாகப் பயன்படுத்திக்கொள்கிறார். கைதியின் மூச்சை அளந்த கைதான் தொழிலாளியின் பசியையும் அளந்தது. அறிவு எந்தப் பக்கம் சாயும் என்பதை அளக்கிற கருவி தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

ஓடும் பட்டை வடிவத்தை 1889இல் பெர்லினில் நாதன் சுன்ட்ஸ் உருவாக்கினார். முதலில் விலங்குகள், பின் மனிதர்கள். மூட்டை சுமந்து நடக்கிற பிரஷ்யச் சிப்பாயின் உடலியலைப் பற்றி ஷும்பர்க்குடன் சேர்ந்து 1901இல் அவர் நூலே எழுதினார். 1927இல் அமெரிக்காவில் ஹார்வர்டு களைப்பு ஆய்வகம் தொடங்கியது. எங்கே தெரியுமா? மருத்துவக் கல்லூரியில் அல்ல, வணிகக் கல்லூரியின் கட்டடத்தில். ஆலைத் தொழிலாளி ஏன் களைக்கிறான், எவ்வளவு வெப்பத்தில், எவ்வளவு உயரத்தில் எவ்வளவு வேலை வாங்கலாம் என்பது முதலாளித்துவத்துக்கு உயிரான கேள்வி. 1939இல் அந்த ஆய்வகத்தார் ட்ரெட்மில்லை மிசிசிப்பிக்குக் கொண்டுபோய், பருத்திக் காட்டில் குத்தகைக்குப் பாடுபட்ட கறுப்பர், வெள்ளையர் உடல்களை ஒப்பிட்டு அளந்தார்கள்.

1949இல் ராபர்ட் புரூஸ் இதய நோயாளிகளை ட்ரெட்மில்லில் நடக்கவைத்துக் கோடு எடுத்தார். நடந்து முடித்த பிறகு அல்ல, நடந்துகொண்டிருக்கும்போதே. 1963இல் சியாட்டிலிலிருந்து அவர் வெளியிட்ட பல கட்ட முறை இன்றுவரை உலகெங்கும் அவர் பெயரில் வழங்குகிறது. முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர், பத்து சத ஏற்றம். அடுத்து 4 கிலோமீட்டர், பன்னிரண்டு சதம். இப்படியே போகும். அதே 1963இல்தான் ஃபூக்கோவின் 'கிளினிக்கின் பிறப்பு' பிரெஞ்சில் வெளிவந்தது. இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் கிடையாது. மருத்துவப் பார்வை நோயாளியின் பேச்சைத் தாண்டி உடலுக்குள் நேராக நுழைய முயன்றதை ஒருவர் ஆராய்ந்துகொண்டிருந்த வருசத்தில், அந்தப் பார்வைக்கு ஒரு புதுக் கருவியை இன்னொருவர் செம்மைப்படுத்தி முடித்தார் என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

ஆகவே டிஎம்டி என்பது மாறுவேடத்தில் வந்த சிறைச் சக்கரம் என்று கிளம்பிவிட வேண்டாம். நம் சிறுபத்திரிகைகளில் இந்த மாதிரித் தாவல்கள் ரொம்ப நடக்கின்றன. கைதியின் சக்கரத்தை நிறுத்துகிற உரிமை கைதிக்கு இல்லை. புரூஸ் முறையில் "போதும், முடியல" என்று நோயாளி சொன்னால் நிறுத்தியாக வேண்டும். சோதனையின் விதியே அது. 1971இல் ரோக்மிஸும் பிளாக்பர்னும் 73 மையங்களில் நடந்த ஏறத்தாழ 1,70,000 சோதனைகளைத் திரட்டிப் பார்த்ததில் சோதனையோடு தொடர்புடைய சாவுகள் 16. பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கு. ஆபத்து இல்லாமலில்லை, ஆனால் அளவுக்குள் வந்துவிட்டது. உறவு வேறு, நோக்கம் வேறு. மாறாமல் தொடர்ந்து வந்தது ஒன்று உண்டு: எல்லா உடலையும் ஒரே ஏற்றத்தில் நிறுத்தி, ஒரே எண்ணால் தீர்ப்பு எழுதிவிடலாம் என்கிற கனவு. அந்தக் கனவு எப்படி உடைந்தது என்று இனிப் பார்ப்போம்.

5

1958இல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் கரோனரி தமனிக்குள்ளேயே சாயத்தைச் செலுத்திப் படமெடுத்தார். அடைப்பு கண்ணுக்குத் தெரிந்தது. இதன் பிறகு கோடு சொன்னதையும் படம் காட்டியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. ஒப்பிட்டவர்கள் கையில் ஆளுக்கொரு விடை. 1989இல் ஜியான்ரோசியும் உடன் ஆய்வாளர்களும் 147 ஆய்வுகளை, 24,074 நோயாளிகளைத் திரட்டிச் சராசரி கண்டார்கள். நோயுள்ள நூறு பேரில் 68 பேரைச் சோதனை பிடிக்கிறது. நோயில்லாத நூறு பேரில் 77 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது, 23 பேரைத் தப்பாகப் பிடிக்கிறது. இது சராசரிதான். நோயுள்ளவர்களைப் பிடிக்கும் திறன் ஒரு ஆய்வில் 23 சதம், இன்னொன்றில் 100 சதம் என்று தாறுமாறாகக் கிடந்தது.

அந்தச் சராசரியையே வைத்து ஒரு கணக்குப் போடுவோம். பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பத்தைந்து அறுபது வயது ஆண்கள் ஆயிரம் பேர். எல்லோருக்கும் மேடேறினால் நெஞ்சை அடைக்கிறது, நின்றால் விடுகிறது. இவர்களில் 900 பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். சோதனை இந்த 900 பேரில் 612 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 100 பேரில் 23 பேரைத் தவறாகப் பிடிக்கும். பாசிட்டிவ் மொத்தம் 635, அதில் 96 சதம் உண்மை. பிரமாதம். ஆனால் நெகட்டிவ் வந்தவர்களைப் பாருங்கள். 365 பேர். அதில் 288 பேருக்கு நோய் இருக்கிறது! "ஒண்ணுமில்லே, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பப்பட்ட ஐந்து பேரில் ஏறத்தாழ நாலு பேர் நோயாளிகள்.

இனி வலி எதுவுமில்லாத இளம் வயதினர் ஆயிரம் பேர். ஐம்பது பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். இதுவே அதிகம்தான். சோதனை பிடிப்பது 34 பேர். நோயில்லாத 950 பேரில் தவறாகப் பிடிபடுவது ஏறத்தாழ 219 பேர். பாசிட்டிவ் மொத்தம் 253. அதில் உண்மை பதின்மூன்று சதம்தான். மிச்சமுள்ளவர்கள் பயந்து, கடன் வாங்கி, அடுத்த சோதனைக்கு ஓடுவார்கள்.

இயந்திரம் ஒன்று, கோடு ஒன்று, மில்லிமீட்டர் ஒன்று. ஓரிடத்தில் அது சத்தியம், இன்னோரிடத்தில் வதந்தி. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரியார் பேய்ஸின் சூத்திரத்தை வைத்து ரிஃப்கினும் ஹூடும் 1977இலும், டயமண்டும் ஃபாரெஸ்டரும் 1979இலும் காட்டியது இதைத்தான். எஸ்.டி. இறங்குவதற்குத் தமனி அடைப்பு மட்டும்தான் காரணம் என்பதுமில்லை. இதயச் சுவர் தடித்திருந்தாலும், டிஜிடாலிஸ் மருந்து சாப்பிட்டாலும், ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தாலும் இறங்கும். ஆகவே சோதனைக்கு முன்பே நோய்க்கான வாய்ப்பு எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். அது எப்படித் தெரியும்? வயது, ஆணா பெண்ணா என்பதோடு, வலியைப் பற்றி அவர் சொல்லும் விவரணையிலிருந்து. எங்கே வலித்தது, எப்போது வந்தது, நின்றதும் என்ன ஆச்சு? அதாவது ஹெபர்டனின் கேள்விகள். இருநூறு வருசம் கருவிகளைக் கொண்டு தாண்டிவிட நினைத்த நோயாளியின் பேச்சு, கணக்கின் முதல் வரியாகத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாசிட்டிவ் வந்தவர்களைத்தான் பெரும்பாலும் சாயப் படத்துக்கு அனுப்புவார்கள். நெகட்டிவ் வந்தவர்களில் நோயாளிகள் எத்தனை பேர் என்று யாரும் தேடுவதில்லை. சோதனை தன் தவறுகளைத் தானே மறைத்துக்கொள்கிறது. 1998இல் ஃபுரோலிக்கர் குழுவினர் நெஞ்சுவலியோடு வந்த 814 பேருக்குக் கோடு எப்படி வந்தாலும் இரண்டையும் எடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்து பார்த்தார்கள். நோயுள்ளவர்களில் பிடிபட்டது 45 சதம் மட்டுமே.

6

பெண்களிடம் இந்தச் சோதனை பொய் சொல்லும் என்று மருத்துவப் பாடங்களில் ரொம்ப காலமாகச் சொல்லி வந்தார்கள். 1979இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், 2,045 பேரில், தவறான பாசிட்டிவ் ஆண்களிடம் சுமார் 12 சதம், பெண்களிடம் பாதிக்கும் மேல். பெண்ணின் உடல் நம்பத்தகாதது என்று முடிவு கட்ட இது போதும்தானே? ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் செய்தது. நோயின் அளவில் ஒத்த ஆண்களையும் பெண்களையும் மட்டும் தனியே எடுத்து ஒப்பிட்டது. வித்தியாசம் காணாமல் போயிற்று. கோடு பெண்ணிடம் வேறு மாதிரிப் பொய் சொல்லவில்லை. நோய் அதிகமுள்ள கூட்டத்தையும் குறைவாக உள்ள கூட்டத்தையும் பக்கத்தில் நிறுத்தி, பழியைப் பெண்ணுடம்பின்மேல் போட்டிருக்கிறார்கள்.

எவ்வளவு வேகமாக இதயம் துடித்தால் சோதனை நிறைவு என்பதற்கான இலக்கும் இப்படித்தான். '220இலிருந்து வயதைக் கழி' என்று எல்லா ஆய்வுக்கூடச் சுவரிலும் ஒட்டியிருக்கும். 1971இல் ஃபாக்ஸும் உடன் எழுதியவர்களும் கைக்குக் கிடைத்த சில பழைய தரவுகளைப் பார்த்து உத்தேசமாக இழுத்த கோடு அது. 2010இல் மார்த்தா குலாட்டியின் குழு 5,437 பெண்களை வைத்துப் பார்த்தபோது பெண்களுக்கான எண் வேறு என்று தெரிந்தது: 206இலிருந்து வயதின் 0.88 மடங்கைக் கழிக்க வேண்டும். தங்களுக்குச் சம்பந்தமில்லாத இலக்கை எட்டவில்லை என்று எத்தனை பெண்கள் குறைசொல்லப்பட்டிருப்பார்கள்!

வலியின் மொழியிலும் இதே கதைதான். ஹெபர்டனின் கனவான்கள் சொன்ன மாதிரி சொன்னால் 'வழக்கமான' வலி, வேறு மாதிரி சொன்னால் 'வழக்கத்துக்கு மாறான' வலி. "மூச்சு வாங்குது", "தாடை இழுக்குது", "நெஞ்சு கரிக்குது", "ஒடம்பு ஓஞ்சுபோவுது" என்று ஒரு பெண் சொன்னால் அது இரண்டாவது பெட்டிக்குள் விழும். 'வழக்கத்துக்கு மாறான' என்கிற சொல்லைக் கைவிடுங்கள், அது வலியைச் சின்னதாக்குகிறது என்று அமெரிக்க இதய அமைப்புகளின் வழிகாட்டுதல் சொன்னது 2021இல். 1768இலிருந்து கணக்கிட்டால் 253 வருசம்.

7

பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் நிறுவனம் 2010இலேயே, ஏற்கெனவே நோய் உறுதிப்படாதவர்களிடம் ஆஞ்சைனா இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க உடற்பயிற்சி இசிஜியைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தமனிகளை நேரே காட்டும் சி.டி. ஸ்கேன் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. 2018இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, ஆபத்து குறைவான, அறிகுறியற்றவர்களுக்குச் சலித்தெடுக்கும் சோதனையாக இதைச் செய்யாதீர்கள் என்று வெளிப்படையாகப் பரிந்துரைத்தது.

சோதனை உதவாக்கரை ஆகிவிடவில்லை. எத்தனை நிமிடம் ஒருவரால் நடக்க முடிகிறது என்பது அவர் எவ்வளவு நாள் வாழ்வார் என்பதைப் பற்றி நிறையச் சொல்கிறது. 2002இல் 6,213 ஆண்களைப் பற்றி வெளியான ஆய்வில் சாவை முன்னறிவித்தவற்றில் மிக வலுவாக இருந்தது உடலின் உழைப்புத் திறன்தான். மில்லிமீட்டரைத் தேடிப் போனவர்களுக்கு நிமிடம் கிடைத்தது. நடந்தால் கால் தாங்கும், ஓய்வு இசிஜி ஒழுங்காக இருக்கிறது, வலியின் விவரம் நடுவாந்தரமாக இருக்கிறது, ஸ்கேன் வசதி பக்கத்தில் இல்லை என்கிற இடங்களில் இந்த மலிவான சோதனை இன்னமும் உதவும். நம் மாவட்டத் தலைநகரங்களுக்கு இது சின்ன விசயமில்லை.

ஆனால் நம் ஊரில் இது எங்கே அதிகம் விற்கிறது? 'மாஸ்டர் செக்கப்' திட்டங்களில். வலி எதுவும் இல்லாத, காசு கொடுக்கக்கூடியவர்களுக்கு. அதாவது நம் கணக்கில் இரண்டாவதாக வந்த கூட்டத்துக்கு, கோடு வதந்தியாகிற இடத்தில். பாசிட்டிவ் வந்தால் அடுத்த சோதனை விற்கும். நெகட்டிவ் வந்தால் ஒரு சான்றிதழ், அதுவும் முழு நம்பிக்கைக்குரியதல்ல. மாரடைப்பு பல நேரம் ரத்த ஓட்டத்தைத் தடுக்காத சின்னக் கொழுப்புத் திட்டு வெடிப்பதால் வருகிறது, அந்தத் திட்டைப் பட்டை காட்டாது. மறுபுறம், சித்தாள் வேலையில் செங்கல் சுமந்து ஏறும்போது நெஞ்சை அடைத்து, இறக்கிவைத்ததும் விடுகிற பெண்ணுக்கு அவளுடைய சாரமே ட்ரெட்மில். சோதனை தினமும் நடக்கிறது. முடிவை அவள் வாயால் சொல்கிறாள். எழுதிக்கொள்ள ஆள் இல்லை. "வாய்வுத் தொல்லை" என்று ஒரு மாத்திரை கிடைக்கிறது. அந்த மாத்திரையை எழுதுகிறவர் கெட்டவர் என்பதில்லை. கூட்டம் நிற்கிறது, ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. மலிவாகக் கிடைக்கக்கூடிய கேள்விகளுக்குத்தான் நேரம் இல்லாமல் போய்விட்டது.

மக்கள் மருத்துவம், நோயாளர் உரிமை என்று வேலை செய்கிற நண்பர்கள் கருவி வேண்டும், ஸ்கேன் வேண்டும், இதயப் பிரிவு வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். அதோடு இன்னொன்றையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம். நெஞ்சுவலி என்று வருகிற ஒவ்வொருவரிடமும் எந்த வேலை செய்யும்போது வந்தது, எத்தனை நேரம் இருந்தது, நிறுத்தியதும் போயிற்றா என்கிற மூன்று கேள்விகளைக் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே ஓ.பி. சீட்டில் எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகு ஆளைப் பட்டையில் ஏற்றலாம்.